பேர் குத்திய தோல்

— அந்தக் கை வேண்டாம்னா வேண்டாந்தான், சிஸ்டரம்மா. தொடையில எடுக்கச் சொல்லுங்க, முதுகுல எடுக்கச் சொல்லுங்க. இந்த வலது கைய மட்டும் விட்டுரச் சொல்லுங்க.

— தொடைத் தோல் கன்னத்துக்கு எட்டுமாடி, செண்பகம்? காலைத் தூக்கிக் கன்னத்தோட சேர்த்துக் கட்டிண்டு மூணு வாரம் படுத்திருப்பியா? இருப்பேன்னா சொல்லு, வெள்ளைக்கார டாக்டர் துரை கிட்ட நானே போய்ச் சொல்றேன்.

— கேலி பண்ணாதிய. சிரிச்சா கட்டு வழியா எச்சி ஒழுகுது.

— பஞ்சை உள்ளங்கையால அமுக்கிண்டு பேசுன்னு எத்தனை தடவை சொல்றது? கெட்டியா அமுக்கு. ஆங், அப்படித்தான். இப்போ நீ பேசறது நன்னாப் புரியறது. புரியாம இருந்தா எனக்குச் சௌகரியமா இருந்திருக்கும், கேட்டியா. இந்த வழக்கெல்லாம் கேக்க வேண்டாம்.

— இடது கை இருக்குல்லா. அதுல எடுக்கச் சொல்லுங்க.

— இடது கை பூரா சுண்ணாம்புத் தொட்டியில வெந்த தழும்பு. அதுல நல்ல தோல் நாலு விரக்கடை கூடக் கிடையாது. அதுவுமில்லாம ஓட்டை இருக்கறது வலது கன்னத்துல. வலது கையைத் தலைமேல தூக்கி வெச்சா, முழங்கைக்கு மேல உள்பக்கம் நேராக் கன்னத்துல வந்து படியும். நீயே வெச்சுப் பாரு. பார்த்தியா? பகவான் அளவெடுத்து வெச்சிருக்கான்.

— அந்தத் தோலத் தனியா வெட்டி எடுத்துத் தச்சா என்ன? கைய எதுக்குத் தலையில கட்டிப் போடணும்?

— தனியா எடுத்தா அழுகிடும்.

— ஆமா, அது தெரியும். எட்டு வருசமா கரீம் பாட்சா தொட்டியில தோலு அலசுதேன். உடம்ப விட்டு எறங்கின தோலு, உப்புப் போடலன்னா மறுநாளே நாறும்.

— இது உடம்பை விட்டு இறங்கவே இறங்காது. மூணு பக்கம் அறுத்து, நாலாவது பக்கத்தைக் கையோடயே விட்டுடுவார் துரை. அது வழியா ரத்தம் ஓடிண்டேயிருக்கும். தூக்கின தோலைக் கன்னத்துல தைச்சு, கை அசையாம பிளாஸ்டர் போட்டுடுவா. மூணு வாரத்துல கன்னம் அந்தத் தோலுக்குத் தன் ரத்தத்தைக் கொடுக்க ஆரம்பிச்சுடும். அப்புறம் அந்த நாலாவது பக்கத்தை வெட்டிக் கையை விட்டுடலாம்.

— ஒட்டுமாங்கன்னு மாதிரியா? தொட்டியோட கொண்டுபோயி மரத்துல கட்டி, ஒட்டினதும் அறுப்பாவளே?

— அதேதான். இதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. நீ ஒரு வார்த்தையில சொல்லிட்டே. எங்க வார்டுல இருக்கற படிச்ச டாக்டர் பசங்களுக்கு நீ பாடம் எடுக்கலாமாக்கும்.

— ஒட்டட்டும், ஒட்டாம போகட்டும். இந்தத் தோலு வேண்டாம். இதுல பேரு குத்தியிருக்கு.

— எந்தப் பேர்? வெயிலுமுத்துன்னு பச்சை குத்தியிருக்கே, அதுவா?

— ஏன் இப்படிச் சத்தமாச் சொல்லுதிய!

— இந்த வார்டுல தமிழ் தெரிஞ்சவா நாம ரெண்டு பேர்தான். அந்தக் கட்டில்ல மராட்டிக்காரி, இந்தப் பக்கம் குஜராத்திக்காரி. யாருக்குக் கேக்கப் போறது?

— எனக்குக் கேக்குதுல்லா. எங்க வீட்டுக்காரவிய பேர யாராவது வெறும் வாயால சொன்னா எனக்கு ஒடம்பு கூசும். கலியாணமாயி பதினஞ்சு வருசம், நான் ஒரு நாள் சொன்னதில்ல. நாங்குநேரியில ரயிலேத்த வண்டி கட்டும்போது எங்க மாமியாதான் கொறத்தியக் கூப்பிட்டுக் குத்தி விட்டாவ. பம்பாயி பெரிய ஊரு, தொலஞ்சு போனியன்னா யாரு பொஞ்சாதின்னு கேப்பான், நீ வாயத் தொறக்கமாட்ட, கையக் காட்டுன்னு சொல்லித்தான் குத்தினது.

— ஆஸ்பத்திரியில சேர்க்கறச்சேயும் கையைத்தான் காட்டினே. அந்தக் குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ பூ வரைஞ்சிருக்குன்னு நினைச்சுண்டான். அப்புறம் நான் வந்து படிச்சுச் சொன்னேன்.

— அவிய பேரு எங்கையில இருக்க வேண்டியது. அதக் கொண்டுபோயி மூஞ்சியில வச்சா? தெருவுல போறவன் வாறவன்லாம் வாசிப்பான். டிராம்ல எதுத்தாப்புல உக்காந்தவன் எழுத்துக்கூட்டி வாசிப்பான்.

— அதையும் துரை கிட்டக் கேட்டுட்டேன். ஓட்டை கன்னத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போறதோன்னோ? அதனால தோலை ரெண்டா மடிச்சுத் தைப்பாராம். ஒரு மடி வாய்க்குள்ள, ஒரு மடி வெளியில. பேர் இருக்கற பாகத்தை உள்பக்கமாத் திருப்பிட முடியும்னார். ஒரு மனுஷாளுக்கும் தெரியாது.

— வாய்க்குள்ளயா?

— ஆமாம்.

— என்ன சிஸ்டரம்மா சொல்லுதிய! அவிய பேரு மேல எச்சி படுமே. நான் திங்கது, குடிக்கது, காறித் துப்பது எல்லாம் அது மேலதான போவும்? புருசன் பேர எச்சியாக்கின பாவம் எனக்கு வேணுமா?

— உள்ள வெச்சாப் பாவம், வெளியில வெச்சா வெக்கம். அப்போ ஓட்டையோடயே இரு. தண்ணி குடிச்சாப் பாதி தோள்ல வழியட்டும்.

— கோவப்படாதிய. அவியகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன். அவிய சரின்னா நானும் சரி. அவிய வரட்டும்.

— எப்போ வருவான்?

— வருவாவ. கலகம் நடந்துச்சுல்லா. தாராவியில கர்ஃப்யூன்னு நீங்கதான சொன்னிய. அதுக்குப் பொறவு பாட்சா லீவு குடுத்திருக்கமாட்டாரு. தோலு குமிஞ்சு கெடக்கும்.

— செண்பகம், நன்னாக் கேட்டுக்கோ. நாளைக்கு வியாழக்கிழமை. நாளைக்குத் தைச்சாத்தான் இருபத்தோராம் நாள் வெட்டி விட முடியும். அதுக்கு மறுநாள் துரைக்குக் கப்பல். சண்டையில மூஞ்சி போன பட்டாளத்துக்காராளுக்கெல்லாம் தைச்ச கை அது. அவா ராணுவமே மூட்டை கட்டிண்டு போறது. இந்த வேலை தெரிஞ்ச இன்னொருத்தர் இந்த ஆஸ்பத்திரியில இல்லை. நாளைக்கு விட்டா விட்டதுதான்.

— அதான் நாளைக்குள்ள அவிய வந்துருவாவன்னு சொல்லுதேன்.

— பேர் எங்கே போறதுங்கறது அப்புறம். அவன் கைரேகை இல்லாம உன்னை ஆபரேஷன் மேஜைமேல ஏத்தவே முடியாது. இந்த ஆஸ்பத்திரிச் சட்டம் அது. புருஷன் இருக்கற பொம்மனாட்டிக்குக் கத்தி வெக்கணும்னா புருஷன் சம்மதம் வேணும். முதல் தடவை அழுகின சதையை அறுத்தது உயிர் போற அவசரம், யாரும் கேக்கலை. இது அப்படி இல்லை. பெரிய டாக்டர் என்னை ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுட்டார்.

— அதுக்குத்தான நேத்து தாராவிக்குப் போனிய. பாத்தியளா அவியள?

— வீடு பூட்டியிருந்தது.

— சுவருக்கு அந்தப் பக்கத்துக் கோலியில ராபியாக்கா இருப்பாவளே.

— அவளும் இல்லை.

— ராபியாக்கா எங்கயும் போவமாட்டாவ. முட்டுவலி. விடிஞ்சா அடைஞ்சா வாசல்லதான் உக்காந்து பீடி சுத்திக்கிட்டு இருப்பாவ. நீங்க போகவே இல்ல.

— போனேன்.

— அப்பம் பொய் சொல்லுதிய.

— தண்ணி குடிக்கறியா? பாலாடையை எடுக்கட்டுமா?

— பொய் சொல்லும்போதெல்லாம் தண்ணி குடிக்கியான்னு கேப்பிய. நான் மொகம் பாக்கக் கண்ணாடி கேட்ட அன்னைக்கும் இதான் கேட்டிய.

— நீ ரொம்பக் கெட்டிக்காரிதான் போ.

— சிஸ்டரம்மா, நீங்க முந்தாநாளும் நேத்தும் லீவுல போயிட்டிய. ரெண்டு நாளு நான் ஒரு மனுசங்கிட்டப் பேசல்ல. பேச யாரு இருக்கா? அந்த மராட்டிக்காரி அவ கட்டில அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிட்டா. சோறு கொண்டாரவ கண்ண மூடிக்கிட்டுத் தட்ட வைக்கா. நான் ரயிலு சத்தத்த எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். ஒவ்வொரு லோக்கலும் நிக்கும்போது, இதுல அவிய எறங்கியிருப்பாவ, இந்நேரம் ரோட்டத் தாண்டியிருப்பாவ, இந்நேரம் கேட்டுல பாஸ் வாங்கியிருப்பாவன்னு எண்ணுவேன். பொறவு அடுத்த வண்டி வந்துரும். எனக்குத் தனியாக் கெடக்கப் பயமா இருக்கு. அதுனால என்ன இருந்தாலும் சொல்லிருங்க.

— அவன் கடைசியா வந்தது எப்போ?

— நீங்களும் இருந்தியளே. அறுத்த நாலாம் நாளு. நீங்க கட்டப் பிரிச்சுக்கிட்டு இருந்திய. ரெண்டு வாழைப்பழம் கொண்டாந்தாவ. கட்டு இல்லாம எம் மொகத்தப் பாத்தாவ. கடைவாய்ப் பல்லு வரைக்கும் தெரிஞ்சிருக்கும்லா. பீடி வாங்கிட்டு வாரேன்னு போனாவ.

— ரெண்டு மாசம் ஆச்சு.

— ஆமா. அந்தப் பழத்தத் திங்கலாம்னு பாத்தேன், பாதி கன்னம் வழியா வந்துட்டு. மிச்சத்த வச்சிருந்து கறுத்துப் போச்சு. ஒரு பருவக் கிள்ளினதுக்கு இம்புட்டு. தொட்டியில நின்ன கையோட கிள்ளினேன். நாலு நாள்ல கன்னம் கரிக்கட்டையாப் போச்சு.

— தோல்லேந்து ஏறின விஷம் அது, நீ பொழைச்சதே பெரிசு. அந்தப் புது மருந்து மட்டும் வரலைன்னா போயிருப்பே. மூணு மணிக்கு ஒருதரம் ஊசி, ராப்பகல்னு பார்க்காம. உன் இடுப்புல குத்த இடம் தேடித் தேடி எனக்குக் கையே வலிச்சுது.

— நீங்க பேச்ச மாத்துதிய.

— மாத்தறேன்தான்.

— ராபியாக்காவப் பாத்தியளா?

— பார்த்தேன். வாசல்ல உட்கார்ந்துண்டு இருந்தா. நீ சொன்ன மாதிரியே பீடி சுத்திண்டு. செண்பகவல்லி இருந்த கோலி எதுன்னு கேட்டேன். கை காட்டினா. அவ ஆஸ்பத்திரியில என் வார்டுலதான் இருக்கா, புருஷன் எங்கேன்னு கேட்டேன். மடியில இருந்த முறம் சரிஞ்சு இலையும் தூளும் கொட்டிப் போயிடுத்து.

— எதுக்கு?

— அவ ஒரு பச்சைப் புடவை கட்டிண்டிருந்தா. அரக்குக் கரை.

— அது எஞ் சேலைலா! பெட்டியில வச்சிருந்தேன். அத எப்படி ராபியாக்கா... அவிய குடுத்தாவளா?

— அவன்தான் கொடுத்தானாம்.

— நான் வந்து கட்டுறதுக்கு வேண்டாமா? நல்ல சேல எங்கிட்ட அது ஒண்ணுதான்.

— செண்பகம், செத்தவா புடவையை நாலு பேருக்குக் கொடுத்தாப் புண்ணியம்னு சொல்லிக் கொடுத்தானாம்.

— செத்தது யாரு?

— நீதான்.

— நானா?

— ஆஸ்பத்திரிக்குப் போன ஏழாம் நாள் நீ செத்துட்டேன்னு வந்து சொன்னானாம். ஒட்டுவியாதி, பொணத்தைத் தரமாட்டோம்னு சொல்லி அங்கேயே எரிச்சுட்டான்னு. அந்தச் சால்ல குடியிருக்கற அத்தனை பேரும் நம்பியிருக்கா. ராபியா மூணு நாள் அடுப்புப் பத்த வெக்கலையாம். பதினாறாம் நாள் காரியம் பண்ணி, உன் சொம்புக்குப் பூப்போட்டு, தோல் கிடங்குக்காரா எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டிருக்கான். மீசையைக் கூட எடுத்துண்டானாம்.

— என்ன ஆக்கினாவளாம்?

— என்ன கேக்கறே?

— எனக்குப் படைக்க என்ன ஆக்கினாவளாம்?

— அதையெல்லாம் எதுக்கு... கருவாட்டுக் குழம்பாம். செண்பகத்துக்கு உசுருன்னு சொல்லி வெக்கச் சொன்னானாம்.

— எனக்குக் கருவாடு ஆகவே ஆகாது, சிஸ்டரம்மா. அந்த வாடையே எனக்குக் கொமட்டும். அது அவியளுக்குத்தான் உசுரு. பதினஞ்சு வருசமா மூக்கப் பொத்திக்கிட்டு ஆக்கிப் போட்டேன். நான் திங்கேனா இல்லியான்னு ஒரு நாளாவது எஞ் சோத்து வட்டியப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

— விடு.

— அழுதாவளாமா?

— அழுதானாம். தேத்த முடியலைன்னு ராபியா சொன்னா.

— அப்பம் நெசமாவே நம்பிட்டாவ போல. அன்னைக்கி வெளிய போனவியகிட்ட யாராவது அந்தக் கட்டில்காரி செத்துட்டான்னு மாத்திச் சொல்லியிருப்பாவ. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி செத்தாள்லா, அவள நானுன்னு நெனச்சிருப்பாவ. நீங்க போயி, இருக்கான்னு சொல்லிட்டா ஓடி வந்துருவாவ. அவிய எங்க இப்பம்?

— ஊருக்குப் போயிருக்கான்.

— எதுக்கு?

— ராபியா கிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருக்கான். நாங்குநேரிப் பக்கத்துலயே ஒரு பொண்ணாம். தூரத்துச் சொந்தமாம். வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். முடிச்சுக் கூட்டிண்டு வரப் போறானாம்.

— வெள்ளிக்கெழமையா.

— நாளன்னிக்கு.

— சரி.

— ஏதாவது சொல்லேன். என்னையாவது திட்டு. நேத்துச் சாயங்காலமே வந்து சொல்லியிருக்கணும். ட்ராம்ல உட்கார்ந்துண்டு மாதுங்கா வரைக்கும் போயிட்டேன், இறங்கணும்கற நெனப்பே இல்லை. எங்க அண்ணா குடியிருக்கறது அங்கேதான். மன்னிக்குத் தீட்டு, சகுனம், ஆயிரம் இருக்கு, வாசலோட போயிடுவேன். நேத்து வாசலுக்குக் கூடப் போகலை. எதிர்ச்சாரியில நின்னு அவாத்து ஜன்னலைப் பார்த்துட்டுத் திரும்பிட்டேன். அழணும்னா அழுதுடு, செண்பகம்.

— அழுதா கண்ணீரு கட்டுக்குள்ள எறங்கிப் புண்ணு எரியும். நீங்கதான அழக்கூடாதுன்னிய.

— இன்னிக்கு எரிஞ்சாப் பரவாயில்லை. நான் வேற கட்டுப் போட்டு விடறேன்.

— வரல்ல, சிஸ்டரம்மா. எனக்குப் பதினாறு கும்பிட்டவிய அழுதுட்டாவள்லா. ஒரு சாவுக்கு ரெண்டு பேரு அழுவானேன்.

— ராபியா வரேன்னிருக்கா. முட்டியை இழுத்துண்டாவது ஞாயித்துக்கிழமை வருவேன்னா. புடவையைத் திருப்பித் தரேன்னு தலையில அடிச்சுண்டா. சால்ல எல்லார் கிட்டயும் நீ இருக்கேன்னு சொல்றேன்னு கிளம்பினவளை நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். உன்னைக் கேட்டுண்டு பண்ணணுமேன்னு.

— சேலய அவிய கிட்டயே இருக்கச் சொல்லுங்க. முட்டுவலிக்காரவிய, கட்டிக்கிடட்டும்.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதே. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். நம்ம வார்டுபாய் கட்டைவிரலை மையில உருட்டி இந்தச் சம்மதப் பாரத்துல வெச்சுடறேன். புருஷன் வந்தான், ரேகை வெச்சான், போயிட்டான். பெரிய டாக்டர் அவனைப் பார்த்ததே இல்லை. ரேகைக்கு முகமா இருக்கு?

— தெரிஞ்சா ஒங்க வேல போயிருமே.

— போகட்டும். போனா என்ன, யார் ஆத்துல உலை கொதிக்கலைன்னு அழப் போறா? எனக்கு மட்டும் யார் இருக்கா, நீ இருக்கறதைத் தவிர.

— வேண்டாம். எவன் ரேகையோ வந்து எனக்குப் புருசனா நிக்க வேண்டாம்.

— அப்போ என்னதான் பண்றது? நாளைக்கு எட்டு மணிக்கு மேஜை. எனக்குப் பைத்தியம் பிடிக்கறது.

— ஒங்க வீட்டுக்காரவிய பேரு என்ன, சிஸ்டரம்மா?

— இப்போ அது எதுக்கு? சங்கரன்.

— கேட்ட ஒடனே சொல்லிட்டியளே.

— அவர் இருந்த வரைக்கும் நானும் சொன்னதில்லை. நாலு வருஷம் ஒரே ஆத்துல இருந்தேன், ஒருதரம் கூட இல்லை. அவர் போனதுக்கு அப்புறம் எங்கே போய் நின்னாலும் அதைத்தான் முதல்ல கேக்கறா. நர்ஸ் படிப்புக்கு மனுப் போடறச்சே, காலஞ்சென்ற சங்கரன் மனைவின்னு வாயால சொல்லுன்னா. நாக்கே திரும்பலை. இப்போ ரேஷன் கடையில கூடக் கடகடன்னு சொல்றேன். உசுரோட இருக்கறச்சே ஒரு நாள், ஒரே ஒரு நாள், காதுல சொல்லியிருக்கலாமேன்னு தோண்றது.

— அதுக்குப் பொறவு ஒங்களுக்கு யாரு கையெழுத்துப் போடுதா?

— நானேதான் போட்டுக்கறேன். விதவைக்கு யாரைப் போய்க் கேக்கறது? அவளுக்கு மிச்சம் அது ஒண்ணுதான்.

— நாளைக்குத் தச்சா, மூணு வாரமும் எங்கை எந் தலைமேலயே இருக்குமா?

— ஆமாம். எழுந்திருக்க, திரும்ப, தலை சீவ, ஒண்ணும் முடியாது. நான்தான் எல்லாம் பண்ணணும். உன் கையே உனக்குத் தலையணை.

— நல்லதாப் போச்சு. எந் தலையில ஒரு கை இருந்து ரொம்ப நாளாவுது. உள்ள வச்சா அந்த எழுத்து அழிஞ்சு போவுமா?

— அழியாது. வாய் ஈரத்துல தோல் கொஞ்சம் வெளுத்துப் போகும், அவ்வளவுதான். மை உள்ள இறங்கினது. நீ இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும்.

— இருக்கட்டும். உள்பக்கமாவே திருப்பச் சொல்லுங்க.

— எச்சில் படுமேன்னியே?

— படட்டும். நான் திங்கது எனக்குப் பிடிச்சதான்னு இனி அதுக்கும் தெரியட்டும். மீனு, கறி எல்லாம் போவும். கருவாடு மட்டும் அந்தப் பக்கம் போவாது.

— சிரிக்காதே, கட்டு நனையறது. நீ சரின்னு சொன்னா மட்டும் போறுமா? பாரம் அப்படியேதானே இருக்கு.

— எங்க இருக்கு அது? எடுங்க.

— இதோ. எடுத்து என்ன பண்ணப் போறே?

— என்னெல்லாம் கேட்டிருக்குன்னு வாசிங்க. நீங்க எழுதுங்க.

— பேர், செண்பகவல்லி. வயசு?

— முப்பது இருக்கும்.

— முப்பது. விலாசம்? தாராவி, கரீம் பாட்சா தோல் கிடங்குக்குப் பின்னால இருக்கற சால், அப்படித்தானே?

— வேண்டாம். அந்தக் கோலிக்கு வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் வேற ஆளு வந்துரும். இந்த வார்டுன்னு போடுங்க. பதிமூணாம் நம்பர் கட்டிலு.

— கட்டிலை யாராவது விலாசமாப் போடுவாளா? சரி, போட்டாச்சு. அடுத்தது புருஷன் பேர். கையைக் காட்டு, எழுத்தைப் பார்த்துச் சரியா எழுதிக்கறேன்.

— கையப் பாக்க வேண்டாம். நான் வாயால சொல்லுதேன்.

— நீயா?

— வெயிலுமுத்து.

— செண்பகம்!

— வெயிலுமுத்து. எழுதிட்டியளா?

— எழுதிட்டேன். எழுதி என்னடி லாபம்? பேரைப் பார்த்ததும், போய் அவனைக் கூட்டிண்டு வா, ரேகை வெக்கட்டும்னுதானே பெரிய டாக்டர் சொல்லப் போறார்.

— செத்துப்போனவன எங்கருந்து கூட்டியாறது? பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போட்டுட்டு மையத் தாங்க, எங் கட்டவெரல நானே வைக்கேன்.